ஒரே பிரஷர், ஒரே மாத்திரை, வேறு வேறு ஆயுசு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பெயரெல்லாம் வேண்டாம், அவினாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு 50 வயது, பிரஷர் இருக்கிறது. ஆபீஸில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவருக்கும் அதே வயது, அதே பிரஷர். செக்கிங்கில் நின்றுகொண்டே தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அக்காவுக்கும் அப்படியே. மூன்று பேருக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே மாத்திரைதான், அம்லோடிபின். கடையில் வாங்கினாலும் விலை அதிகமில்லை, அரசு மருத்துவமனையில் இலவசம். அப்படியிருந்தும் பத்து வருடம் கழித்துப் பக்கவாதம் வந்து படுப்பது யாராக இருக்கும், கிட்னி கெட்டு டயாலிசிஸுக்குப் போவது யாராக இருக்கும் என்று கேட்டால், நீங்களும் நானும் ஒரே ஆளைத்தான் சொல்வோம்.

சுகாதார ஏற்றத்தாழ்வு என்று புத்தகங்களில் எழுதுவது இதைத்தான். உடம்புக்கு உடம்பு இருக்கும் எல்லா வித்தியாசமும் இதில் சேராது. எழுபது வயதுக்காரர் முட்டி வலியில் உட்கார்ந்திருக்க, இருபது வயதுப் பையன் கபடி ஆடுவது ஏற்றத்தாழ்வு ஆகாது, அது வயசு. மனிதர்கள் போட்ட ஏற்பாட்டால் வந்து, மனிதர்கள் நினைத்தால் குறைக்கவும் முடிகிற வித்தியாசத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவதற்காகத்தான் இந்தச் சொல்.

ஏழைக்கு நோய் அதிகம், இதில் என்ன புதுசு என்று கேட்பீர்கள். சரி, ஏன் அதிகம்? நம் பக்கத்தில் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், இரண்டே பதில்தான் வரும்: "அவங்களுக்கு விவரம் பத்தாதுங்க", இல்லாவிட்டால் "ஆஸ்பத்திரி வசதி பத்தாதுங்க". முதல் பதில் ஏறக்குறைய தப்பு. இரண்டாவது பதில் பாதி சரி.

செக்கிங் அக்காவின் ஒரு நாளைப் பார்த்தால் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒரு ஷிப்ட் சாயங்காலம் ஐந்தரை வரை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை ஆகிவிடும். சம்பளம் சனிக்கிழமை, வந்த நாளுக்கு மட்டும். பிரஷர், சர்க்கரை பார்க்கும் கிளினிக்கோ வேலைநாள் காலையில். சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கி வெளியே வர பதினொரு மணி. அதற்கு மேல் கம்பெனிக்குப் போனால் அரைநாள் சம்பளம் போயிருக்கும், சூப்பர்வைசர் கோபக்காரராக இருந்தால் "நாளைக்கே வந்துக்கோங்க" என்று திருப்பி அனுப்பி முழுநாளையும் கழித்துவிடுவார்.

"ஏனுங்க அக்கா, போன மாசம் மாத்திரை வாங்கவே வரலையே?" என்று நர்ஸ் கேட்டால் பதில் இப்படி வரும்: "எங்க கண்ணு வர்றது? சரக்கு அனுப்பற நேரம், லீவு கேட்டா அடுத்த வாரம் வேலையே இல்லைம்பாங்க. தலை சுத்தலும் இல்லை, அப்புறம் என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

இதில் விவரம் இல்லாமை எங்கே இருக்கிறது? பிரஷர் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் நோய், இன்றைக்கு மாத்திரை போடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. லீவு போட்டால் சனிக்கிழமையே தெரிந்துவிடும். கையில் வருகிற காசை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த அக்கா போடும் கணக்கு சரிதான். முதலாளிக்கு இந்தக் கணக்கே கிடையாது, டாக்டரிடம் நேரம் வாங்கிவைக்க ஆள் இருக்கிறார், போகும் நேரத்துக்குச் சம்பளப் பிடித்தமும் இல்லை. மாத்திரையின் விலை ஒருத்தருக்கு பூஜ்யம், இன்னொருத்தருக்கு அரைநாள் கூலி. இதோடு ஒற்றை அறை லைன் வீடு, போர் தண்ணீர், பத்து மணிக்கு மேல் சமைத்துச் சாப்பிடும் சோறும் ஊறுகாயும், ஐந்து மணி நேரத் தூக்கம், வாரா வாரம் குழுக் கடன் கட்ட வேண்டிய பதற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய்க்கான சமூகக் காரணிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது.

இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள், அதுவும் பஞ்சம் பட்டினி இல்லாத ஊரில். 1967இல் லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது, வைட்ஹால் ஆய்வு என்று பெயர். பிறகு இதன் முகமாக மாறியவர் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர். ஆய்வில் இருந்த யாரும் கூலிக்காரர் இல்லை, எல்லோருக்கும் நிரந்தர வேலை, நாட்டில் மருத்துவம் இலவசம். இருந்தும் கடைநிலையில் இருந்த பியூன், வாயில்காப்பாளர் போன்றவர்கள், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்கு வரை அதிகமாக மாரடைப்பில் இறந்தார்கள். சிகரெட், கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. உச்சிக்கும் அடிக்கும் நடுவே பள்ளம் இல்லை, படிக்கட்டு இருந்தது. இரண்டாம் படியில் இருந்தவர் முதல் படியில் இருந்தவரைவிடக் கொஞ்சம் சீக்கிரம் போனார், மூன்றாம் படிக்காரர் இன்னும் கொஞ்சம் சீக்கிரம். ஆக நம் கதையில் அந்த மெர்ச்சண்டைசரும் தப்பவில்லை, ஏசி ரூமில் உட்கார்ந்து ராத்திரி, துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு மெயிலில் மல்லுக்கட்டும் அவரும் ஒரு படி கீழேதான். இது "ஏழைகள் பிரச்சினை" என்று ஒதுக்கிவைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்த மார்மட்டைத் தலைவராக வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஒரு ஆணையம் போட்டது, 2008இல் அறிக்கை வந்தது. அதில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்து உதாரணம் ஒன்று பிரபலம்: கால்டன் என்ற ஏழைப் பகுதியில் ஒரு ஆணின் சராசரி ஆயுள் 54, அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி லென்சியில் 82. கோவைக்கும் சூலூருக்கும் இருக்கிற தூரத்துக்குள் 28 வருட வாழ்க்கை காணாமல் போகிறது.

நம் ஊரில் இப்படித் தெரு வாரியாகக் கணக்கு கிடைப்பதில்லை, கிடைப்பதெல்லாம் மாவட்ட சராசரி. சராசரி என்பது ஆளை ஏமாற்றும். கோவை மாவட்டத்து எண்களைப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்காக வெளியூரில் இருந்தெல்லாம் வந்து இறங்கும் ஊர் அல்லவா. ஆனால் அதே மாவட்டத்தில்தான் வால்பாறையும் இருக்கிறது. பொள்ளாச்சியில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும், அதற்கும் அப்பால் காட்டுக்குள் காடர் பழங்குடிக் குடியிருப்புகள். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் கோவை சராசரி அங்கே யாருக்கும் துணைக்கு வராது. ஈரோடு மாவட்டத்தில் தாளவாடி, பர்கூர் மலைகளிலும் இதே கதைதான். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு ஊர் டாக்டர் 1971லேயே எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையிடம் விட்டால் இந்தத் தலைகீழ் நிலை இன்னும் மோசமாகும் என்று. அவினாசி ரோட்டில் வரிசையாக எத்தனை ஸ்கேன் மெஷின் இருக்கிறது, மலையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

சரி, அரசாங்கம் என்ன செய்யலாம்? தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாத மாநிலம் இல்லை. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இது டாக்டர்கள் மட்டும் செய்த காரியம் என்று நினைத்தால் பாதியை விட்டுவிடுகிறோம். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, ரேஷன் அரிசி, பஸ் போகாத ஊர் இல்லை என்கிற நிலைமை, கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கி இப்போது 18,000 ரூபாய் வரை வந்திருக்கும் உதவித்தொகை, இவையெல்லாம் சுகாதாரத் துறைக்கு வெளியேயும் உள்ளேயுமாகச் சேர்ந்து செய்த வேலை. அந்த உதவித்தொகையின் அடிப்படையே பாருங்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி கூலி வேலையை விட்டுக் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தால் போகிற வருமானத்தை ஈடுகட்டுவது.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் ஆரம்பித்தது. மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு மொத்தமாக, கம்பெனிப் பெயர் பார்க்காமல் மருந்துப் பெயரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. ஈரோடு சந்தையில் மொத்த வியாபாரம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், "மருந்து ஸ்டாக் இல்லை" என்ற பதில் குறைந்ததற்கு இது பெரிய காரணம். காப்பீட்டுத் திட்டங்களுக்குத்தான் போஸ்டர் ஒட்டுவார்கள், இதற்கு யார் ஒட்டுவார்கள்? காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் காப்பீடு இல்லாமல் எத்தனை குடும்பம் காடு தோட்டத்தை விற்றிருக்கும். ஆனால் காப்பீடு பக்கவாதம் வந்த பிறகுதான் வேலை செய்யும், பத்து வருடம் முன்னால் கிடைத்த மாத்திரை பக்கவாதத்தையே தடுத்திருக்கும். என்னைக் கேட்டால் காசு குறைவாக இருக்கும்போது முதலில் போக வேண்டிய இடம் மாத்திரைதான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த அரைநாள் கூலிப் பிரச்சினையை நேராகத் தொட்டது. சுயஉதவிக் குழுப் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார். நல்ல யோசனை. ஆனால் திருப்பூரில் பகல் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? கதவு பூட்டியிருக்கும். அதனால்தானோ என்னவோ 2024 தொடக்கத்தில் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் திட்டத்தையும் சேர்த்தார்கள். கம்பெனிக்குள் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் கூலியும் போகாது. வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் தாய்லாந்து: 2001இல் ஒரு முறை வைத்தியம் பார்க்க 30 பாட் என்று தொடங்கி, சம்பள வேலை இல்லாத விவசாயிகளையும் கூலிகளையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தாய்லாந்து ஒன்றும் அப்போது பணக்கார நாடு இல்லை.

இந்தியா முழுவதற்கும் பார்த்தால், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையில் இருந்து நேராகக் கொடுக்கும் பங்கு 2013-14இல் 64 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39 சதவீதத்துக்கு வந்திருக்கிறது என்று அரசுக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதுதான், ஆனாலும் நூறு ரூபாயில் 39 ரூபாய் இன்னும் சொந்தக் கையில் இருந்து. கையில் இல்லாதவர் எங்கே போவார்?

நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் பக்கம் போகலாம். 2025இல் அங்கே விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்து, அரசு விசாரணை, அப்புறம் உயர் நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு என்று போனது. அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. தறிக்காரர் வாழ்க்கை முன்பணத்தில் ஓடுவது: சேரும்போது ஒரு தொகை வாங்குவார், அது தீராது, அதன் மேல் குழுக் கடன், வார வட்டி, வீட்டில் ஒருத்தருக்கு ஆபரேஷன் வந்தால் கந்துவட்டி. கடைசியில் விற்பதற்கு மிச்சம் இருப்பது உடம்புதான். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994லிருந்து இருக்கிறது, காசுக்கு உறுப்பு விற்பது குற்றம். 2008இல் உலகத்து உறுப்பு மாற்று மருத்துவர்கள் இஸ்தான்புல்லில் கூடி உறுப்பு வணிகத்துக்கு எதிராகப் பிரகடனமும் போட்டார்கள். சட்டம் தரகரைப் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். ஆனால் தறிக்காரரைத் தரகர் வீட்டுக்கு அனுப்பியது முன்பணமும் வட்டியும். கூலி ஒப்பந்தத்தையும் வட்டிக் கட்டுப்பாட்டையும் சுகாதாரக் கொள்கை என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு அவை சுத்தமான சுகாதாரக் கொள்கையாகத்தான் தெரிகின்றன. ஒரு கிட்னி இல்லாதவர் தறியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி வெளிநாட்டுக் கதை. உலக அமைப்புகள் இருக்கும் ஜெனீவாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதால் நாமக்கல்லில் என்ன ஆகும் என்று தோன்றும். ஆனது. 1990களின் கடைசியில் நாமக்கல் லாரித் தொழில் ஊர் என்பதால் எச்.ஐ.வி. பரவல் அதிகம் இருந்த மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. 1995இலிருந்து அமெரிக்க உதவிப் பணத்தில் தமிழ்நாட்டில் நடந்த தடுப்புத் திட்டம் லாரி டிரைவர்களிடம் போய் வேலை செய்தது. ஆனால் மருந்து? ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001இல் நம் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை வருடம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. எப்படி முடிந்தது என்றால், 1970 காப்புரிமைச் சட்டப்படி மருந்துப் பொருளுக்கு இங்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான், வேறு வழியில் செய்தால் விற்கலாம். அதே 2001இல் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் நாடுகள், மக்கள் உயிருக்காகக் காப்புரிமையைத் தாண்டலாம் என்று ஒத்துக்கொண்டன. 2002இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்ட் வந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தொடங்கியபோது முதலில் சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒரு டிரைவர் பிழைத்துத் தன் பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைத்ததில் சட்டம், கம்பெனி, பன்னாட்டு ஒப்பந்தம், நிதி எல்லாம் ஆளுக்கொரு பங்கு.

2005இல் நாமும் மருந்துக்குக் காப்புரிமை கொடுக்க வேண்டி வந்தது, ஆனால் பழைய மருந்தைச் சும்மா உருமாற்றிப் புதுக் காப்புரிமை கேட்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை வைத்துத்தான் 2013இல் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஒத்துழைப்பு தோற்ற கதையும் உண்டு. கொரோனாத் தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன, அரைகுறையாக ஒரு முடிவு வந்தது 2022 ஜூனில். 2021 கடைசியில் ஆப்பிரிக்காவில் பத்தில் ஒருவருக்குக்கூட முழுத் தடுப்பூசி கிடைத்திருக்கவில்லை. இதில் நாமும் புனிதர்கள் இல்லை, 2021 இரண்டாம் அலையில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் அந்த நாடுகளுக்குப் போக வேண்டிய ஊசி நின்றது. உலகத்தில் ஆயுள் அதிகமான நாட்டுக்கும் குறைவான நாட்டுக்கும் நடுவே 33 வருட இடைவெளி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. 2025 மே மாதம் அடுத்த தொற்றுக்காக ஒரு உலக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு நாலு மாதம் முன்புதான் அமெரிக்கா அந்த நிறுவனத்தை விட்டே விலகுவதாக அறிவித்திருந்தது.

திருப்பூருக்கு வந்தால் பன்னாட்டு விவகாரம் தினசரி விவகாரம். டி ஷர்ட் ஐரோப்பாவுக்குப் போகிறது, சாயத்தண்ணீர் நொய்யல் ஆற்றில் தங்குகிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறி, அந்தப் பக்கத்துக் கிணறுகளும் காடு தோட்டங்களும் வீணாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை போனது. கழிவே வெளியே விடாத சுத்திகரிப்பு அதன் பிறகுதான் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. செலவு பட்டறைக்காரர் தலையில், துணியை மலிவாக வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. இது மாற வேண்டும் என்றுதான் ஜெர்மனியில் 2023இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது, பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தரும் இடத்தில் தொழிலாளர் நிலைமை என்ன என்று பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதே மாதிரி கொண்டுவந்து, 2025இல் அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டது. பையர் ஒரு பீஸுக்கு இரண்டு ரூபாய் கூட்டித் தராமல் ஆடிட் ஷீட்டில் மட்டும் டிக் அடித்தால், அந்த டிக்கின் சுமையும் செக்கிங் அக்கா மேல்தான் இறங்கும் என்பது என் சந்தேகம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஓவர்டைம் போய், வேலைநாளும் குறைந்தவர்கள் வீட்டில் முதலில் வெட்டு விழுவது பாலிலும் பழத்திலும்தானே.

இவ்வளவும் படித்துவிட்டு நான் என்ன செய்ய என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம், கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சட்டம் 1948இல் வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உங்களுக்கு உரிமை உண்டு. உங்களிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்கும் இடம் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை பணமாக வரும். அதற்கு ஆறு மாதக் கட்டண காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவர்களுக்கும், பீஸ்ரேட்டில் இருப்பவர்களுக்கும் இங்கேதான் ஓட்டை விழுகிறது, பேர் பதிவிலேயே இருக்காது, இருந்தாலும் வந்த நாளில் பாதிதான் காட்டியிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கும்போது, உங்கள் இ.எஸ்.ஐ. நம்பர் என்ன, எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.